பிரிட்டனில் லாரி ஓட்டப் பழகுவது: படிவம் முதல் தனி ஓட்டம் வரை

பயிற்சியில் சேர்ந்து ஏழு வாரம் ஆகியும் நான் லாரியின் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மருத்துவப் படிவம் போய்த் திரும்ப வேண்டும், எழுத்துத் தேர்வுக்குத் தேதி கிடைக்க வேண்டும் என்று நாள்கள் நகர்ந்தன. கிடங்கில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, 44 டன் வண்டிகள் வளாகத்துக்குள் வந்து போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஆறு பேர். இரண்டு பேர் இந்தக் காத்திருப்பிலேயே விலகிவிட்டார்கள். இருவரும் கார் ஓட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

வண்டி ஓட்ட வராமல் இந்தப் பயிற்சியை விட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. படிவத்தில் சறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டுச் சறுக்கியவர்களை இன்னும் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் கொஞ்ச காலம் நானும் இருந்தேன். ஆகவே இங்கே கியரைப் பற்றிக் குறைவாகவும் மற்றவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதப் போகிறேன்.

முதல் படி: எந்த வழி என்று முடிவுசெய்தல்

கைப்பணத்தைக் கட்டி, பயிற்சி நிலையம் ஒன்றில் சில வாரங்களில் உரிமம் வாங்கிவிடலாம். அது ஒரு வழி. ஒரு நிறுவனத்தில் தொழிற்பழகுநராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பழகுவது இன்னொரு வழி. நான் போனது இரண்டாவது வழி. அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது. ஆனால் உரிமம் கையில் வரும்போது வேலையும் கையில் இருக்கும். தேர்வில் தேறிவிட்டு, "அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அலைய வேண்டியதில்லை.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பிரிட்டனின் முழுமையான கார் உரிமம் வேண்டும். நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்திய உரிமத்தையோ இலங்கை உரிமத்தையோ இங்கே கொடுத்து பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ள முடியாது. குடியேறியவர்கள் அதை வைத்து 12 மாதம் கார் ஓட்டலாம், அவ்வளவுதான். ஊரில் இருபது வருடம் லாரி ஓட்டியவரும் இங்கே முதலில் கார் தேர்வில் தேறித்தான் ஆக வேண்டும். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தார். பதினெட்டு வயதுப் பையன்களோடு உட்கார்ந்து படிப்பது அவருக்கு ஆரம்பத்தில் பெரிய மானக்கேடாக இருந்தது. ரிவர்ஸ் எடுக்கும் நாள் வந்தபோது அந்தப் பையன்கள் அவரை விட்டு நகரவே இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். தொழிற்பழகுநரிடம் பயிற்சிக்கோ இறுதி மதிப்பீட்டுக்கோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆனால் மருத்துவப் பரிசோதனை, டாக்கோ கார்டு (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவியில் செருகும் அட்டை) போன்ற உதிரிச் செலவுகளை யார் ஏற்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். சம்பளமும் அப்படியே. முதல் ஆண்டில் தொழிற்பழகுநருக்கென்று சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச ஊதியம் மற்றவர்களுக்கு உள்ளதைவிடக் குறைவு. சில நிறுவனங்கள் அதற்கு மேல் தருகின்றன, சில நிறுவனங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. முதல் ஆண்டை முடித்து, 19 வயதும் ஆகியிருந்தால், உங்கள் வயதுக்கு உரிய குறைந்தபட்ச ஊதியம் தந்தாக வேண்டும். குடும்பம் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுதல்

உங்களைச் சுற்றி மூன்று பேர் இருப்பார்கள். மேலாளர் உங்களுக்கு வேலை தருகிறவர். பயிற்றுநர் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வண்டியைச் சொல்லிக்கொடுக்கிறவர். டியூட்டர் பயிற்சி நிறுவனத்தின் ஆள். படிப்பு, பதிவேடு, முன்னேற்றம் எல்லாவற்றையும் முதல் நாள் முதல் கடைசி மதிப்பீடு வரை கவனிப்பவர். பயிற்றுநர் சில வாரங்களில் போய்விடுவார். டியூட்டர்தான் கடைசி வரை கூட வருகிறார்.

நான் என் டியூட்டரை முதலில் "சார்" என்றுதான் அழைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். இரண்டு மாதம் நாக்கு வரவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் என்றால் எழுந்து நிற்கப் பழகிய நமக்கு, "எனக்கு இது புரியவில்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது அவமரியாதை போலத் தோன்றும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். இங்கே தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கான படிப்பு நேரம் உங்கள் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. எனக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். கிடங்கில் ஆள் குறையும்போதெல்லாம் அந்த நாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. புதிதாக வந்தவன் புகார் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். மாதாந்தர ஆய்வில் என் படிப்பு நேரப் பதிவேட்டில் ஓட்டை இருப்பதை டியூட்டர் பார்த்துவிட்டார். "இதை ஏன் முதல் வாரமே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மேலாளரிடம் பேசினார். அதன்பின் அந்த நாளில் யாரும் கை வைக்கவில்லை. மேலாளரும் என்மேல் கோபப்படவில்லை. விதி இருப்பதே அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் படி: டி2, டி4

தற்காலிக லாரி உரிமத்துக்கு, ஓட்டுநர் உரிமம் தரும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு இரண்டு படிவங்கள் போக வேண்டும். டி2 விண்ணப்பம். டி4 மருத்துவ அறிக்கை; இதை மருத்துவர் பரிசோதித்து நிரப்ப வேண்டும். கண் பகுதியைக் கண் பரிசோதகரும் நிரப்பலாம். கண்ணாடி அணிந்தோ அணியாமலோ ஒரு கண் 6/7.5 அளவும் மற்றொன்று குறைந்தது 6/60 அளவும் பார்க்க வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் திரும்பி வரும். என்னுடையது அப்படித்தான் வந்தது: மருத்துவர் தேதி போட மறந்திருந்தார், நான் பார்க்க மறந்திருந்தேன். அனுப்பும் முன் டியூட்டரிடம் ஒரு பிரதியைக் காட்டியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

சர்க்கரை நோய் இருப்பதை மறைக்காதீர்கள். நம் ஆட்களில் பலருக்கு அது உண்டு, பலர் அதை வெளியே சொல்வதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள்கூட நிபந்தனைகளுக்கு உட்பட்டு லாரி உரிமம் பெற முடியும். மறைத்துவிட்டுப் பின்னால் தெரியவந்தால் உரிமமும் போகும், வேலையும் போகும்.

நான்காம் படி: எழுத்துத் தேர்வுகள்

தொழில்முறையாக லாரி ஓட்ட உரிமம் மட்டும் போதாது. ஓட்டுநர் சிபிசி என்ற தகுதியும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நான்கு மாட்யூல்கள். முதல் இரண்டும் கணினி முன் உட்கார்ந்து எழுதுபவை.

மாட்யூல் 1-இல் இரண்டு பகுதிகள். கொள்குறி வினாக்கள் 100. அவற்றில் 85 சரியாக இருக்க வேண்டும். நேரம் 1 மணி 55 நிமிடம், தாராளமாகப் போதும். அடுத்தது ஆபத்தை முன்கூட்டி உணரும் தேர்வு: 19 வீடியோத் துண்டுகள், 100-க்கு 67 எடுக்க வேண்டும். மாட்யூல் 2-இல் ஓட்டுநர் வாழ்க்கையிலிருந்து சில சூழ்நிலைகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். 50-க்கு 40 தேவை. மாட்யூல் 1 முடித்தால்தான் 3, மாட்யூல் 2 முடித்தால்தான் 4. ஆகவே இவற்றைத் தள்ளிப்போட்டால் பின்னால் எல்லாம் தள்ளிப்போகும்.

தமிழில் எழுத முடியாது. இங்கிலாந்தில் எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. பிற மொழிக் குரல் வசதியை 2014-இல் எடுத்துவிட்டார்கள். வாசிப்பதில் சிரமம் உள்ளவர்கள் ஆங்கிலக் குரலை ஹெட்போனில் கேட்க ஏற்பாடு செய்துகொள்ளலாம், ஆனால் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். எனக்கு ஆங்கிலம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அச்சுச் சுமை, மொத்த எடை, வெற்று எடை என்று எடைக்கே அவர்கள் வைத்திருக்கும் ஏழெட்டுச் சொற்களைப் பார்த்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது. டியூட்டர் ஒரு வழி சொன்னார்: விடையை மனப்பாடம் செய்யாமல், தவறாகப் போன கேள்வி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, ஏன் தவறு என்று ஒரே வரியில் என் சொந்த மொழியில் எழுதுவது. அந்த நோட்டின் பாதி தமிழில் இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

வீடியோத் தேர்வில் நான் முதல் முறை தோற்றேன். காரணம் வேடிக்கையானது. கார் ஓட்டிப் பழகியவர்கள் ஆபத்து முளைக்கும் முன்பே அதை எதிர்பார்த்து கிளிக் செய்துவிடுகிறார்கள். மதிப்பெண் கணக்கு தொடங்கும் முன்பே அடித்த கிளிக்குக்குப் பூஜ்யம்தான். பார்த்ததும் ஒரு கிளிக், அது உருவெடுக்கத் தொடங்கியதும் இன்னொரு கிளிக் என்று டியூட்டர் திருத்தினார். அதற்காகத் தாளம் போடுவதுபோல அடித்துக்கொண்டே இருந்தால் ஏமாற்றுவதாகக் கருதி அந்த வீடியோவுக்கு மதிப்பெண்ணே தரமாட்டார்கள்.

ஐந்தாம் படி: வண்டியில் ஏறுதல்

2021 வரை முதலில் சி வகை, அதாவது டிரெய்லர் பூட்டாத ஒற்றை லாரியில் தேர்வெழுதி, அதற்குப் பிறகுதான் டிரெய்லர் பூட்டிய சி பிளஸ் இ வகைக்குப் போக முடிந்தது. இப்போது நேராக இரண்டாவதற்கே போகலாம். போகலாம் என்பதற்காகப் போக வேண்டும் என்றில்லை. எங்கள் பயிற்றுநர் இரண்டு பேரைப் படிப்படியாக அனுப்பினார், இரண்டு பேரை நேராக அனுப்பினார். யாரை எப்படி அனுப்புவது என்பதை அவரவர் கண்ணாடி பார்க்கும் பழக்கத்தை வைத்து அவர் தீர்மானித்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பெரும்பாலான வண்டிகளில் இப்போது தானியங்கிக் கியர்தான். உங்கள் கார் உரிமம் கையால் கியர் மாற்றும் வண்டிக்கானது என்றால், தானியங்கி லாரியில் தேர்வு கொடுத்தாலும் இரண்டு வகை லாரிக்கும் உரிமம் கிடைக்கும். எனவே கியரை மறந்துவிட்டு உடலைக் கவனியுங்கள். உடல் என்றால் வண்டியின் உடல். இடப்புறம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் டிரெய்லரின் பின்சக்கரம் வராது. உள்ளே அறுத்துக்கொண்டு வரும். அந்த அறுப்புக்குள் நடைபாதையின் ஓரம் இருக்கலாம், சைக்கிளில் ஒரு மனிதர் இருக்கலாம். அதனால்தான் திருப்பத்துக்கு முன் கொஞ்சம் அகலமாக எடுக்கச் சொல்கிறார்கள், இடப்பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். லண்டனுக்குள் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓட்டுநருக்கு எவ்வளவு நேரடியாகப் பார்வை தெரிகிறது என்பதற்கு நட்சத்திர மதிப்பீடு பெற்றாக வேண்டும். 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரம் இல்லாத வண்டிக்குக் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் கட்டாயம். அந்த விதிக்குப் பின்னால் சைக்கிளிலும் நடந்தும் போனவர்களின் மரணங்கள் இருக்கின்றன.

ரிவர்ஸ் எடுப்பதுதான் எல்லாரையும் அழவைக்கும் இடம். டிரெய்லர் பூட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்புறம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலப்புறம் போகும். மூளை இதை ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்ளும். கை புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆகும். எனக்கு உதவிய ஒரே சூத்திரம் இது: எந்தப் பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் அதிகமாகத் தெரியத் தொடங்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பு, நேராகிவிடும். சிறிதாகத் திருப்பு, சீக்கிரம் திருப்பு. முற்றிலும் கோணலாகிவிட்டால் வெட்கப்படாமல் முன்னால் எடுத்து மறுபடியும் தொடங்கு. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும் தயங்காதீர்கள். முப்பது வருடம் ஓட்டியவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். இறங்காதவர்கள் முட்டுகிறார்கள்.

ஆறாம் படி: டிரெய்லரைப் பூட்டுவதும் கழற்றுவதும்

இந்தத் தொழிலில் ஆள் சாகும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கழற்றுவதற்கு இங்கே சொல்லிக்கொடுக்கும் நினைவுச்சொல் "பிளாக்". பிரேக், லெக்ஸ், ஏர்லைன், கிளிப், கிங்பின் (டிரெய்லரை லாரியோடு பிணைக்கும் முளை) ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. முதலில் டிரெய்லரின் நிறுத்த பிரேக்கைப் போட வேண்டும். பிறகு டிரெய்லரின் கால்களை இறக்க வேண்டும். தரை உறுதியானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து காற்றுக் குழாய்களையும் மின் இணைப்பையும் கழற்ற வேண்டும். பிறகு பாதுகாப்பு கிளிப்பை எடுத்து, கடைசியாகக் கைப்பிடியை இழுத்துக் கிங்பின்னை விடுவிக்க வேண்டும். டிரெய்லரின் பின்னால் மாட்டிய உங்கள் லாரியின் நம்பர் பிளேட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒன்று மாறினாலும் கெடுதல்தான். கால்களை இறக்காமல் கிங்பின்னை விடுவித்து வண்டியை முன்னால் எடுத்தால் டிரெய்லர் மூக்கு குப்புற விழும். பார்க்கவே பயங்கரமான காட்சி.

காற்றுக் குழாய்களை இங்குள்ள ஓட்டுநர்கள் "சூசி" என்கிறார்கள். முதல் நாள் பயிற்றுநர் "சூசியைப் பூட்டிவிட்டாயா?" என்று கேட்டபோது நான் பின்னால் திரும்பி யாராவது பெண் நிற்கிறாரா என்று பார்த்தேன். சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு. சிவப்புக் குழாயில் காற்று ஏறியதும் டிரெய்லரின் அவசர பிரேக் விடுபடும். விபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். கேபினில் கைபிரேக் போடாமல், டிரெய்லர் நிறுத்த பிரேக்கும் போடாமல் ஒருவர் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஏறி நின்று சிவப்புக் குழாயைச் செருகினால், மொத்த வண்டியும் உருளத் தொடங்கும். அவர் தரையில், சாவி கேபினில். ஓடிப்போய் நிறுத்தப் பார்த்து நசுங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பூட்டும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கேபினை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கைபிரேக், என்ஜின் நிறுத்தம், சாவி பையில். டிரெய்லர் பிரேக் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே குழாயைத் தொடுவது. பின்னால் எடுத்து கிங்பின் பூட்டியதும் மெதுவாக முன்னால் இழுத்துப் பார்ப்பது. பிறகு இறங்கிப் போய்க் கிளிப்பைக் கண்ணாலும் கையாலும் சரிபார்ப்பது. "கிளிக் என்று சத்தம் கேட்டது" என்றேன் ஒரு முறை. பயிற்றுநர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் டார்ச் அடித்துக் காட்டினார். சத்தம் கேட்டிருந்தது. பூட்டியிருக்கவில்லை.

ஏழாம் படி: சாலைத் தேர்வும் மாட்யூல் 4-உம்

மாட்யூல் 3 இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 3ஏ மூடிய வளாகத்தில்: வளைந்து வளைந்து பின்னால் எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்துவதும், டிரெய்லர் இருந்தால் கழற்றிப் பூட்டுவதும். 3பி சாலையில், ஓட்டுநர் தேர்வு நடத்தும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏவின் தேர்வாளரோடு. சிறு தவறுகள் 15 வரை பொறுத்துக்கொள்வார்கள். பெரிய தவறு ஒன்றே ஒன்று என்றாலும் தோல்வி. நான் பெரிய தவறு செய்து தோற்றேன்: ரவுண்டானாவில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வெளியேறினேன். அன்று அங்கே சைக்கிள் எதுவும் இல்லை. இருந்திருக்கலாம் என்றார் தேர்வாளர். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

வேக வரம்புகளைக் கார்க்காரர் மனதோடு படிக்காதீர்கள். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடுவே பிரிப்பு இல்லாத சாலையில் 50 மைல், ஸ்காட்லாந்தில் நான் பழகியபோது 40 மைல். மோட்டார்வேயில் சட்டப்படி 60. ஆனால் வேகக் கட்டுப்படுத்தி 56-இல் பிடித்து நிறுத்திவிடும். மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடம் உங்களுக்கு இல்லை.

மாட்யூல் 4 அரை மணி நேரம். வண்டியைச் சுற்றிக் காட்டிப் பேச வேண்டும்: சுமையை எப்படிக் கட்டுவது, வண்டிக்குள் ஆள் ஒளிந்து நாட்டுக்குள் வராமல் எப்படிச் சோதிப்பது, தீப்பிடித்தால் என்ன செய்வது போன்றவை. ஐந்து தலைப்புகள், தலைப்புக்கு 20 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 15, மொத்தம் 80. வாய் திறந்து ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருப்பதால் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். நான் டியூட்டரிடம் போனில் பேசிப் பேசிப் பழகினேன். அவர் தேர்வாளர்போலக் கேட்பார், நான் சமையலறையில் நின்று இல்லாத டயரைக் காட்டிப் பேசுவேன். வீட்டில் உள்ளவர்கள் சிரித்தார்கள். முதல் முறையிலேயே தேறினேன்.

இந்தத் தேர்வோடு போய்விடாத ஒன்று தினசரிச் சோதனை. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று: டயர், சக்கர நட்டுகள், விளக்குகள், கண்ணாடிகள், காற்றுக் கசிவு, சுமையின் கட்டு. டயரின் பள்ளம் அகலத்தின் முக்கால் பங்குக்குக் குறைந்தது 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறை இருந்தால் எழுதிக்கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாலையில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரி உங்கள் மெக்கானிக்கைக் கேட்கமாட்டார். ஸ்டீயரிங்கின் பின்னால் இருப்பவரைத்தான் கேட்பார்.

எட்டாம் படி: நேரக் கணக்கு

புதியவர்கள் சம்பளத்தை இழப்பது வண்டியை முட்டியல்ல, நேரத்தை முட்டி. டாக்கோகிராப் என்ற கருவி நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிமிடத்தையும் பதிகிறது. உங்கள் பெயரில் ஒரு கார்டு, அதுவே சாட்சி.

நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. அதைப் பிரிக்கலாம், ஆனால் முதலில் 15, பிறகு 30. தலைகீழாக எடுத்தால் கணக்கில் சேராது. இந்த ஒரு வரிக்காகவே எங்கள் குழுவில் ஒருவர் மேலாளரிடம் இரண்டு முறை விளக்கம் எழுதிக்கொடுத்தார். ஒரு நாளில் ஓட்டக்கூடியது 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90. அதாவது ஒரு வாரம் 56 ஓட்டிவிட்டால் அடுத்த வாரம் 34-தான் மிச்சம். தினமும் 11 மணி நேர ஓய்வு. வாராந்தர ஓய்வுகளுக்கு நடுவே மூன்று முறை 9 ஆகக் குறைக்கலாம்.

இவையெல்லாம் ஓட்டும் நேரத்துக்கு. ஏற்றுவது, இறக்குவது, சோதிப்பது ஆகியவை வேறு வேலை என்ற கணக்கில் போகும். அதற்கு வேறு சட்டம், வேறு இடைவேளை. கருவியில் நான்கு குறிகள்: ஓட்டுவதற்கு ஸ்டீயரிங், வேறு வேலைக்குக் குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல், ஓய்வுக்குக் கட்டில், காத்திருப்புக்குக் கோடு கிழித்த பெட்டி. வண்டி நின்றதும் பல கருவிகள் தாமாகவே சுத்தியலுக்குப் போய்விடும். கட்டிலை அழுத்த மறந்து 45 நிமிடம் டீ குடித்தால், நீங்கள் ஓய்வெடுத்ததாகக் கருவி நம்பாது. டியூட்டர் கருவி அச்சடித்துத் தந்த என் பழைய சுருள்களை எடுத்துவரச் சொல்லி, எந்த நாளில் எங்கே விதி உடைந்திருக்கிறது என்று என்னையே கண்டுபிடிக்க வைத்தார். புத்தகத்தில் மூன்று முறை படித்தும் ஏறாதது அன்று ஏறிவிட்டது.

ஒன்பதாம் படி: பதிவேடும் இறுதி மதிப்பீடும்

உரிமம் வந்ததும் பலர் பயிற்சி முடிந்துவிட்டதாக நினைத்துப் பதிவேட்டை மூடிவிடுகிறார்கள். தொழிற்பழகுநர் பயிற்சி அதோடு முடிவதில்லை. செய்த வேலைகளுக்குச் சான்றுகள் சேர்க்க வேண்டும், கடைசியில் தனியாக ஒரு மதிப்பீடு உண்டு. டியூட்டரும் மேலாளரும் நீங்கள் தயார் என்று ஒப்புக்கொண்ட பிறகே அதற்கு அனுப்புவார்கள். எழுதுவது கஷ்டமாக இருந்தால் கதை எழுத முயலாதீர்கள். எங்கே போனேன், என்ன ஏற்றினேன், எது தவறிப்போனது, எப்படிச் சரிசெய்தேன் என்று நாலு வரி அன்றன்றே எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியது எப்போதும் போலியாகத் தெரியும். மதிப்பீட்டாளர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சிபிசி தகுதியும் ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்வதல்ல. ஐந்து ஆண்டுக்கு 35 மணி நேரம் பயிற்சி எடுத்தாக வேண்டும்.

பத்தாம் படி: தனியாகப் போகும் முதல் வாரம்

முதல் சில நாள்கள் ஒரு மூத்த ஓட்டுநர் கூட வருவார். அவர் செய்யும் குறுக்கு வழிகளைப் பார்ப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பழகிவிடாதீர்கள்; சந்தேகம் வந்தால் டியூட்டரிடம் கேளுங்கள், அந்த ஓட்டுநரின் பெயரைச் சொல்லாமலே கேட்கலாம்.

கார்களுக்கான வழிகாட்டிச் செயலியை நம்பி லாரி ஓட்டாதீர்கள். அதற்குப் பாலத்தின் உயரம் தெரியாது. உயரப் பலகை இல்லாத பாலத்துக்குக் குறைந்தது 16 அடி 6 அங்குலம் இடைவெளி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்; அதற்குக் குறைந்தால் பலகை இருக்கும். உங்கள் வண்டியின் உயரம் கேபினுக்குள் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். டிரெய்லர் மாறினால் எண்ணும் மாற வேண்டும்.

தனியாகப் போன நான்காம் நாள். சாலை வேலைக்காகத் திருப்பிவிட்டிருந்தார்கள். பலகைகளைப் பின்தொடர்ந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் செங்கல் ரயில் பாலம். 14 அடி 3 அங்குலம் என்று சிவப்பு வட்டத்தில். கேபினில் என் எண் 14 அடி 6. நிறுத்தினேன். நான்கு விளக்கையும் போட்டேன். பின்னால் வரிசையாகக் கார்கள் சேர்ந்தன, ஒருவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து, பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்கமாட்டேன், என்ன செய்வது என்று கேட்டேன். போலீசுக்குச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் வந்து வாகனங்களைத் தடுத்து, நான் அந்த வளைவைப் பின்னால் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது.

வளாகத்துக்குத் திரும்பியதும் மேலாளர் வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்த ஒரு மணி நேரம் டாக்கோவை எதில் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"நின்ற நேரமெல்லாம் சுத்தியலில்" என்றேன்.

சரி, போய்ச் சாப்பிடுங்கள் என்றார்.